பந்தை ஓரமாக வையுங்கள், கோப்பையை எடுக்கச் சொல்லுங்கள்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"என் அம்மாவுக்கு 51 வயது. திருமணத்துக்கு முன்பிருந்தே கொழுந்து பறித்தவர். ஐந்து மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது தானாக நடக்கிறார். கையிலும் பலம் வந்துவிட்டது, என் விரலைப் பிடித்தால் எனக்கே வலிக்கிறது. பக்கத்து லயத்தில் சொன்னார்கள் என்று ரப்பர் பந்து ஒன்று வாங்கிக் கொடுத்தோம். நாள் முழுவதும் அதை அழுத்திக்கொண்டே இருக்கிறார். ஆனால் தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனால் தட்டிக் கொட்டிவிடுகிறார். மடியில் இருக்கும்போது விரல்கள் ஓரளவு விரிகின்றன. கோப்பையை நோக்கிக் கையை நீட்டியதும் சுருங்கிக்கொள்கின்றன. மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையைக் கொடுத்தால் நசுக்கிவிடுகிறார். 'மனம் வைத்தால் முடியும், சோம்பல்தான்' என்று வீட்டிலேயே சிலர் சொல்கிறார்கள். பலம் இருக்கிற கை ஏன் இப்படிச் செய்கிறது? அம்மா மறுபடியும் மலைக்குப் போக முடியுமா?"

அன்புள்ள சகோதரி,

நாள் முழுவதும் பந்தை அழுத்துகிறவரைச் சோம்பேறி என்று சொல்ல வீட்டில் உள்ளவர்களுக்கு எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை. உங்கள் அம்மாவிடம் குறையாக இருப்பது மனமும் அல்ல, பிடிக்கும் பலமும் அல்ல. கை போகிற வழியிலேயே விரல்கள் விரிய வேண்டும். அந்த ஒத்திசைவுதான் குலைந்திருக்கிறது. மடியில் விரிகிற விரல்கள் நீட்டும்போது சுருங்குகின்றன என்று எழுதியிருக்கிறீர்களே, ஓர் இயன்மருத்துவராக எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பயன்பட்ட வரி அதுதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

உங்கள் நல்ல கையால் ஒரு கோப்பையை எடுத்துப் பாருங்கள். யாரையாவது பக்கவாட்டில் நின்று கவனிக்கச் சொல்லுங்கள். கை மேசையை விட்டுக் கிளம்பிய உடனேயே விரல்கள் விரியத் தொடங்கிவிடும். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரம் கடந்தபோது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலான வாய் மிக அகலமாக, கோப்பையைவிடவும் அகலமாக இருக்கும். பிறகு கை வேகம் குறைந்து நெருங்கும்போதே விரல்கள் மூடத் தொடங்கும். கோப்பையில் விரல் படுவதற்கு முன்பே பிடி பாதி முடிந்துவிடுகிறது. கோப்பைக்குப் பதிலாகத் தீப்பெட்டியை வைத்தால் வாய் அதற்கேற்ப ஒடுங்கும். அவசரமாக எடுத்தாலோ கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலோ, தவறினாலும் பிடிபடட்டும் என்று விரல்கள் வழக்கத்தைவிட அகலமாக விரியும். இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை, செய்கிறோம் என்று நமக்குத் தெரிவதும் இல்லை.

பிரான்ஸின் லியோன் நகரில் மார்க் ஜானரோ என்ற நரம்பியல் அறிஞர் கை நீட்டும் அசைவுகளைப் படமெடுத்து, காட்சி காட்சியாக அளந்து, 1981இல் இதை விளக்கினார். கையைப் பொருளிடம் கொண்டுபோவது ஒரு வேலை, விரல்களைப் பொருளின் வடிவத்துக்கேற்ப அமைப்பது இன்னொரு வேலை என்று அவர் பிரித்துக் காட்டினார். முதலாவதைத் தோளும் முழங்கையும் செய்கின்றன. பொருள் எங்கே இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரிந்தால் போதும். இரண்டாவதை மணிக்கட்டும் விரல்களும் செய்கின்றன. பொருள் எவ்வளவு பெரியது, எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரிய வேண்டும். மூளையில் இவ்விரண்டுக்கும் ஓரளவு வேறு வேறு பாதைகள் இருக்கின்றன. ஆனாலும் இரண்டும் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒன்றுக்கொன்று நேரம் பார்த்து, ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும்.

கண் இவை இரண்டுக்கும் முன்னால் போகிறது. இங்கிலாந்தில் மைக்கல் லேண்ட் என்பவரும் உடனிருந்தவர்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், சிலரைத் தேநீர் தயாரிக்கச் சொல்லி அவர்களின் பார்வை எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். கெண்டியைத் தொடுவதற்கு ஏறத்தாழ அரை விநாடிக்கு முன்பே கண் கெண்டிக்குப் போய்விடுகிறது. கை அந்த வேலையை முடிப்பதற்குள் கண் அடுத்த பொருளுக்குத் தாவிவிடுகிறது. உலகத்தில் எத்தனையோ வேலை இருக்க, கையைப் பற்றி அறிய அவர்கள் தேர்ந்தெடுத்தது தேநீர் போடுவதை. நம் மலையகத்தவர்களுக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் அம்மாவின் கைக்கு வருவோம். வலப்பக்கம் பாதிக்கப்பட்டிருப்பதால் அடி விழுந்தது பெரும்பாலும் மூளையின் இடப்பக்கத்தில். மூளையின் மேற்பரப்பிலிருந்து முண்ணாணுக்கு இறங்கும் ஒரு நரம்புப் பாதைதான் விரல்களைத் தனித்தனியாக அசைக்கும் திறனைத் தருகிறது. பாரிசவாதத்தில் அந்தப் பாதை சேதமடைந்தால், மூளைத்தண்டிலிருந்து வரும் பழைய பாதைகள் வேலையைக் கையில் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு நுணுக்கம் தெரியாது. தசைகளைக் கூட்டம் கூட்டமாகத்தான் இயக்கும். ஆகவே தோளை உயர்த்தினால் முழங்கை மடங்கும், மணிக்கட்டு தொங்கும், விரல்கள் சுருங்கும். கையின் எடையைத் தோள் எவ்வளவு சுமக்க வேண்டியிருக்கிறதோ, அவ்வளவுக்கு இந்தச் சுருக்கம் கூடும். மடியில் வைத்திருக்கும்போது எடையை மடி சுமக்கிறது, அதனால் விரல்கள் விரிகின்றன. கோப்பைக்காகக் கையைத் தூக்கிய நொடியில் எடை தோளுக்கு வருகிறது, விரல்கள் மூடிக்கொள்கின்றன. மூடிய விரல்களோடு போய் மோதினால் கோப்பை கவிழாமல் என்ன செய்யும்?

பந்தைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மலையகத்தில் பாரிசவாதம் வந்த வீடு ஒவ்வொன்றிலும் ஒரு பந்து இருக்கிறது. அதனால் கெடுதல் இல்லை. பலப் பயிற்சியால் தசை இறுக்கம் கூடிவிடும் என்று சிலர் பயமுறுத்துவதும் சரியல்ல. ஆனால் பந்து பழக்குவது மூடுவதை மட்டும்தான். அம்மாவுக்கு மூடுவது ஏற்கனவே வருகிறது, அளவுக்கு மிஞ்சியே வருகிறது. வராதது விரிப்பது, அதுவும் கை நகர்ந்துகொண்டிருக்கும்போது விரிப்பது. பந்து ஏற்கனவே கைக்குள் இருப்பதால் நீட்டவும் வேண்டாம், விரிக்கவும் வேண்டாம், குறிபார்க்கவும் வேண்டாம். ஆகவே அதை ஓரமாக வைத்துவிட்டு, அந்த நேரத்தை வேறு விதமாகச் செலவிடுங்கள்.

அம்மாவை முதுகுச் சாய்வுள்ள கதிரையில், மேசைக்கு முன்னால் உட்கார வையுங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் படிய வேண்டும். முதுகுக்கும் கதிரைக்கும் நடுவில் மடித்த துவாய் ஒன்றைச் செருகுங்கள். பாரிசவாதம் வந்தவர்கள் முழங்கையை நீட்டுவதற்குப் பதிலாக உடம்பையே முன்னால் சாய்த்துப் பொருளை எட்டுவார்கள். அது எளிதாக இருப்பதால் அப்படியே பழகி, முழங்கை நீளாமலே போய்விடும். சாய்ந்தால் துவாய் விழும், உங்களுக்குத் தெரிந்துவிடும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் "சாயாதே அம்மா" என்று அதட்டத் தேவையில்லை.

வலது முன்கையை மேசைமேல் வைத்து, அடியில் வழுக்கும் துணி ஒன்றைப் போடுங்கள். இப்போது எடையை மேசை சுமக்கிறது. அரைக் கை தூரத்தில் அரிசி பாதி நிரப்பிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றை வையுங்கள். முதல் சில நாட்களுக்கு, கை நகர்வதற்கு முன்பே விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். பெருவிரல் ஒரு பக்கம், மற்றவை ஒரு பக்கம். விரித்தபடியே கையைச் சறுக்கிக்கொண்டு போய்ப் போத்தலைப் பிடிக்க வேண்டும். அது பழகிய பிறகு, நகர்ந்துகொண்டே விரிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் கையை மேசையிலிருந்து சற்றே தூக்கி நீட்டுவது. இந்த வரிசையைப் பொறுமையில்லாமல் தாண்டினால் பழைய சுருக்கம் திரும்பிவிடும்.

விடுவதும் பயிற்சிதான். பிடித்த போத்தலை வேறோர் இடத்தில் வைத்து, விரல்களை முழுவதும் விலக்கி, மேசை விளிம்புக்குக் கை திரும்பிய பிறகுதான் அது ஒரு தடவை என்று கணக்கு. வெறும் காற்றில் கையை நீட்டச் சொல்வதைவிட உண்மையான பொருளை எடுக்கச் சொன்னால் அசைவு நேராகவும் சீராகவும் வருகிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன, நாங்கள் கிளினிக்கில் நாளும் பார்க்கிறோம். எனவே போத்தலுக்குப் பிறகு உருளைக்கிழங்கு, கரட், தீப்பெட்டி என்று வீட்டில் கைக்கு வருகிறதையெல்லாம் வையுங்கள். சமையலுக்கு மரக்கறியை எடுத்துக் கொடுக்கும் வேலையை அம்மாவிடமே ஒப்படைத்தாலும் நல்லது. கத்தியும் கொதிக்கும் தேநீரும் மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.

ஒரே இடத்தில் ஒரே பொருளை வைத்துக்கொண்டிருக்காதீர்கள். 1920களில் மொஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியல் அடிக்கும் தேர்ந்த தொழிலாளர்களின் அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்தார். சுத்தியலின் தலை ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வொரு தடவையும் சற்று வேறு விதமாக அசைந்து, ஒன்றின் பிழையை மற்றது ஈடுசெய்தன. தேர்ச்சி என்பது ஒரே அசைவைப் பிசகாமல் திரும்பச் செய்வதில் இல்லை என்று இதிலிருந்து விளங்குகிறது. மூளை ஒவ்வொரு தடவையும் தீர்வைப் புதிதாகக் காண வேண்டும். பொருளை இடமாகவும் வலமாகவும் மாற்றுங்கள், அருகிலும் தூரத்திலும் வையுங்கள். சில தடவை கவிழட்டும்.

எத்தனை தடவை என்று கேட்பீர்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ஒரு கணக்கெடுப்பு 2009இல் வெளியானது. சிகிச்சை அமர்வு ஒன்றில் நோயாளிகள் கையால் உருப்படியான வேலை அசைவுகளைச் செய்தது சராசரியாக 32 தடவைதான் என்று அதில் தெரிந்தது. இது மிகக் குறைவு. 1996இல் ராண்டொல்ஃப் நூடோ குழுவினர், மூளையில் சிறு சேதம் ஏற்பட்ட குரங்குகளைக் குட்டிக் குழிகளிலிருந்து உணவுத் துணுக்குகளை விரலால் எடுக்கப் பழக்கினார்கள். நாளும் நூற்றுக்கணக்கான தடவை எடுத்த குரங்குகளின் மூளையில் கைக்குரிய பகுதி சுருங்காமல் நின்றது, சிலவற்றில் பக்கத்துப் பகுதிக்கும் பரவியது. பழக்காத குரங்குகளில் அது சுருங்கியது. ஆகவே காலை, பகல், மாலை என்று பிரித்து நாளுக்கு நூறு தடவையை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கிழமையில் முப்பதுதான் முடிந்தது என்றால் அதுவும் சரி. தோளில் வலி வந்தால் அன்று நிறுத்திவிடுங்கள். எக்காரணம் கொண்டும் அந்தக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள்.

ஐந்து மாதம் ஆகிவிட்டதே, இனிப் பயன் உண்டா என்று ஐயம் வரலாம். வேகமான முன்னேற்றம் முதல் மூன்று மாதங்களில்தான். ஆனால் கதவு மூடிவிடவில்லை. 2006இல் முடிவு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதங்கள் ஆன 222 பேர் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் நல்ல கைக்கு இரண்டு கிழமைகள், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி, உறை மாட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கையைத் தீவிரமாகப் பழக்கினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களின் கை தெளிவாக முன்னேறியது, ஒரு வருடத்துக்குப் பிறகும் அந்த வேறுபாடு நின்றது. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமாக நிமிர்த்த முடிந்தவர்களுக்குத்தான் இந்த முறை. உங்கள் அம்மாவுக்கு மடியில் விரல்கள் விரிகின்றன என்பதால் பொருந்தக்கூடும். ஆனால் லயத்துப் படிகளில் தடுமாறினால் பிடித்துக்கொள்ள நல்ல கை வேண்டும். அதனால் இதை வீட்டில் நீங்களாகத் தொடங்காதீர்கள், வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடம் கேட்டு, அவர் கண் முன்னால் தொடங்குங்கள்.

கோப்பையை நசுக்குவது வேறு கதை. சுவீடனில் ரோலன்ட் யோஹான்சனும் யோரன் வெஸ்ட்லிங்கும் 1984இல் காட்டியது இது: நாம் ஒரு பொருளைத் தூக்கும்போது, அதன் எடை கூடக் கூட விரல்களின் அழுத்தமும் கூடவே ஏறுகிறது. வழுக்காமல் இருக்கத் தேவையான அளவுக்குச் சற்றே மேலே நிற்கிறது, அதற்கு மிஞ்சுவதில்லை. பொருள் இலேசாக வழுக்கினால் பத்தில் ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் பிடி இறுகிவிடும். உள்ளங்கைப் பக்கத்துத் தோலில் ஏறத்தாழ 17,000 தொடு உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன. அவை அனுப்பும் செய்தியால்தான் இது நடக்கிறது. விரல் நுனியை மரக்கச் செய்துவிட்டுத் தூக்கச் சொன்னால், நல்ல கை உடையவரும் தேவைக்கு மேல் அழுத்துவார்.

ஆகவே அம்மாவின் தொடு உணர்வைச் சோதித்துப் பாருங்கள். கண்ணை மூடச் சொல்லி, வலது உள்ளங்கையில் ஒரு பத்து ரூபா நாணயம், ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பேனை மூடி என்று மாற்றி மாற்றி வைத்து என்னவென்று கேளுங்கள். இடது கையால் சொல்ல முடிந்தது வலது கையால் முடியவில்லை என்றால் உணர்வும் குறைந்திருக்கிறது. அப்போது பொருளோடு சேர்த்துத் தன் கையையும் பார்த்தபடியே எடுக்கச் சொல்லுங்கள், தோல் தராத செய்தியைக் கண் தரட்டும். சூடு தெரியாமல் வெந்துபோகும் அபாயமும் அந்தக் கைக்கு உண்டு. இரண்டு கைகளும் மரத்திருந்தால் நீரிழிவைச் சோதிக்க வேண்டும். உணர்வு சரியாக இருந்தால், மெல்லிய பிளாஸ்டிக் கோப்பையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, பக்கம் ஒடுங்காமல் தூக்கி வைக்கும் பயிற்சியைக் கொடுங்கள். தண்ணீர் மட்டம் ஏறினால் அழுத்தம் கூடிவிட்டது என்று அம்மாவுக்கே தெரியும்.

கடைசியாக மலை. கொழுந்து பறிப்பதை எளிய வேலை என்று நினைப்பவர்கள் ஒரு பறிப்பவரின் கையை அருகில் நின்று பார்த்ததில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக ஒரு கொழுந்தைக் கிள்ளுகின்றன. கிள்ளியதை மற்ற மூன்று விரல்கள் உள்ளங்கையோடு அணைத்துக்கொள்கின்றன. அவை மூடியிருக்கும்போதே முதலிரண்டு விரல்களும் அடுத்த கொழுந்துக்காக விரிகின்றன. அதற்குள் கண் அதற்கும் அடுத்ததில் இருக்கிறது. கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் எறிய, ஐந்து விரல்களும் ஒரே நொடியில் திறக்க வேண்டும். பாதி விரல்கள் மூடியும் பாதி விரிந்தும் இருப்பதுதான் பாரிசவாதத்துக்குப் பிறகு மிகக் கடினமாகத் திரும்பி வருவது.

இரண்டு கை விடயம் வேறு இருக்கிறது. ஒரு கைக்கு எளிய இலக்கும் மறு கைக்குக் கடினமான இலக்கும் கொடுத்தால், எளிய கை முன்னால் ஓடாமல் மற்றதற்காகத் தாமதித்து இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகப் போய்ச் சேர்கின்றன என்று 1979இல் ஸ்காட் கெல்சோவும் உடனிருந்தவர்களும் காட்டினார்கள். ஆகவே அம்மா மலைக்குத் திரும்பினால் இடது கையும் முன்போல ஓடாது. இதைக் கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நிறை போட்ட பிறகு "கிலோ குறைகிறதே" என்று அவர்கள் முகம் சுளித்தால், அம்மா வலது கையை விட்டுவிட்டு இடது கையால் மட்டும் பறிக்கத் தொடங்குவார். பழக்கியதெல்லாம் வீணாகும்.

திரும்ப முடியுமா என்ற கேள்விக்கு இன்று ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னால் அது ஆறுதலாகவோ அச்சுறுத்தலாகவோ இருக்குமே தவிர ஆலோசனையாக இராது. எதைப் பார்த்து முடிவு செய்வது என்று சொல்கிறேன். ஒரு தட்டில் உலர்ந்த பட்டாணியைப் பரப்பி, ஒவ்வொன்றாகப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் எடுத்து, முன்னெடுத்ததைக் கீழே விடாமல் உள்ளங்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். ஐந்தாறு சேரும் வரை ஒன்றும் விழவில்லை என்றால் விரல்கள் பிரிந்து வேலை செய்யத் தொடங்கிவிட்டன. பிறகு லயத்துக்கு அருகில் சமதரையில் இருக்கும் செடிகளில், கூடை இல்லாமல், வெயில் ஏறுவதற்கு முன் சிறிது நேரம் பறித்துப் பார்க்கட்டும். மழை நாளில் வழுக்கும் சரிவில் கூடையோடு நிற்பதற்குக் காலின் சமநிலையும் இரத்த அழுத்தமும் சரியாக இருக்க வேண்டும். அதை கிளினிக் டொக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை இலேசான வேலை கேட்டு டொக்டரின் கடிதம் ஒன்றை வாங்கித் தோட்டத்துக்குக் கொடுங்கள்.

கிளினிக் மருந்தை "இப்போது நன்றாக இருக்கிறதே" என்று நிறுத்திவிட வேண்டாம். முகம் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, கை திடீரென்று மறுபடி தளர்ந்தாலோ பயிற்சியால் சரிசெய்யலாம் என்று காத்திருக்காமல் உடனே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள்தான் பெரும்பாலும் போட முடியும். மஸ்கெலியாவிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குப் போகும் பாதையே அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.